குமரி மாவட்டத்துக்கென ஒரு பூங்கா அமைப்பும் அதற்கான காவலர்களும் சாத்தியமா?

கேள்வி: தேரூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் பல கவுன்டிகளில், கவுன்டி நிர்வாகமே தனக்கென்று ஒரு பூங்கா அமைப்பை நடத்துவதாகவும், அந்தப் பூங்காக்களைக் கவனிக்கச் சீருடை அணிந்த ரேஞ்சர்களை நியமிப்பதாகவும் படித்தேன். கவுன்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாக அலகு என்பதால், இத்தகைய ஏற்பாடு நமக்குப் பொருந்துமா என்பதை இங்குள்ள அனுபவசாலிகளிடம் கேட்கிறேன்.

நம் மாவட்டத்தில் மக்கள் கூடும் திறந்தவெளி இடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையில் இருக்கின்றன. சிதறால் மலையின் சமணச் சின்னங்களும் வட்டக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையிடம் உள்ளன. உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் பல்லுயிர்ப் பூங்காவையும் காளிகேசத்தையும் வனத்துறை கவனிக்கிறது. திற்பரப்பு அருவியில் கட்டணம் வாங்குவது பேரூராட்சி. பத்மநாபபுரம் அரண்மனையோ நம் மண்ணிலேயே இருந்தும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. இவற்றுக்குள் எனக்கு மிக நெருக்கமானவை தேரூர், சுசீந்திரம் குளங்கள். பாசனக் குளங்களான இவை 2022ஆம் ஆண்டில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. குளிர்காலத்தில் மீசை ஆலாக்களும், மஞ்சள் மூக்கு நாரைகளும், கூழைக்கடாக்களும் இங்கே கூடுவதைப் பார்க்க வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் வருகிறவர்களுக்கு இது என்ன இடம், எந்தப் பறவை, எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கு அங்கே ஒருவரும் இல்லை. பறவைகள் எழுந்து பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டியும் கல்லெறிந்தும் அவற்றைக் கலைப்பவர்களைத் தடுக்கவும் ஆளில்லை.

அந்த ரேஞ்சர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள், நம் வனத்துறைப் பணியாளர்களின் வேலையிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது, காட்டுக்கு வெளியே இருக்கும் இத்தகைய இடங்களுக்கு அப்படி ஒருவரை நியமிக்க இப்போதைய சட்டத்திலேயே வழி இருக்கிறதா என்பதை அறிய விரும்புகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற வனவர், குலசேகரம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். வனத்துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கன்னியாகுமரி வன உயிரின சரணாலயம் ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வடக்கிலும் வடகிழக்கிலும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும், மேற்கே கேரளத்தின் நெய்யாறு சரணாலயமும் இதை ஒட்டியிருப்பதால், யானைக்கும் புலிக்கும் இது ஒரே காடுதான். எல்லைக்கோடு நமக்கு மட்டுமே. நிர்வாகத்துக்காக இந்தக் காடு பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், வேளிமலை, குலசேகரம், களியல் என்று சரகங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு சரகத்துக்கும் ஒரு வனச்சரக அலுவலர் இருக்கிறார். அவரைத்தான் மக்கள் ரேஞ்சர் என்கிறார்கள். அவருக்குக் கீழே வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் என்று படிகள் உண்டு. நீங்கள் படித்த கவுன்டி ரேஞ்சர் நாள் முழுவதும் பாதைகளில் நடந்து மக்களோடு பேசுபவர் என்றால், அவருக்கு இணையாக இங்கே நிற்பவர் சரக அலுவலரைக் காட்டிலும், பீட் எனப்படும் தன் காவல் பகுதியில் நடக்கும் வனக்காப்பாளரே ஆவார்.

அந்த நடை எளிய வேலை இல்லை. தேர்வின்போதே ஆண்கள் 25 கிலோமீட்டரையும் பெண்கள் 16 கிலோமீட்டரையும் நான்கு மணி நேரத்துக்குள் நடந்து காட்ட வேண்டும். பணியில் சேர்ந்த பிறகு மழையிலும் அட்டைக் கடியிலும் நடக்க வேண்டியது இதைவிடக் கடினமானது. ஆண்டின் தொடக்கத்தில், கோடை வருவதற்கு முன், மலைச்சரிவுகளில் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடுகள் போட வேண்டும். காற்று வீசும் நாளில் புல்வெளியில் தீ பிடித்துவிட்டால், வண்டி ஏறாத சரிவில் பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்தே அதை அணைக்க வேண்டியிருக்கும். பலாப்பழம் பழுக்கும் காலத்தில் யானைகள் தோட்டங்களை நோக்கி இறங்கும். அப்போது இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். அரசு ரப்பர் கழகத்தின் கோட்டங்கள் காட்டோடு பின்னிக் கிடப்பதால், விடியற்காலையில் பால் வெட்டச் செல்லும் தொழிலாளர்களுக்கு யானை எங்கே நிற்கிறது என்பதை முன்கூட்டியே தெரிவிப்பதும் எங்கள் வேலைதான். 2017ஆம் ஆண்டில் ஒக்கிப் புயல் அடித்த பிறகு, விழுந்த மரங்களை அறுத்து மலைப்பாதைகளைத் திறப்பதே பல நாள்களுக்கு முழுநேர வேலையாக இருந்தது.

2023 ஜூன் மாதத்தில் கம்பம் பகுதியில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானையை மேல் கோதையாறு பகுதியில் விட்டபோது, அதன் கழுத்துப்பட்டையிலிருந்து வரும் சமிக்ஞையைத் தொடர்ந்து கவனித்தும், நேரில் பின்தொடர்ந்தும் பணியாளர்கள் காட்டில் தங்கினார்கள். இத்தகைய வேலைகளில் வேட்டைத் தடுப்புக் காவலர்களின் பங்கு மிகப் பெரியது. அவர்களில் பலர் இந்த மலையின் பழங்குடிகளான காணி மக்கள். எந்த ஓடையில் எப்போது நீர் இருக்கும், யானை எந்தத் தடத்தைப் பிடிக்கும் என்பதை அவர்கள் அறிந்த அளவுக்கு எங்கள் வரைபடங்கள் அறிந்ததில்லை என்று மனமாரச் சொல்வேன். அவர்களுடைய ஊதியமும் பணிப் பாதுகாப்பும் அவர்கள் செய்யும் வேலைக்கு ஏற்றவாறு உயர வேண்டும் என்பது என் நெடுநாளைய கருத்து.

இவற்றோடு எழுத்து வேலையும் உண்டு. ஒரு குற்றம் நடந்தால் மகஜர் (சம்பவ இடத்தில் கண்டதைப் பதியும் ஆவணம்) எழுதி, பொருளைக் கைப்பற்றி, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குப் பதிந்து, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் வரை அந்தப் பொறுப்பு தொடரும். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் புலிகள் கணக்கெடுப்பும், யானைகள் கணக்கெடுப்பும், குளிர்காலத்து நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் தனி.

நான் சொல்ல வருவது இதுதான். சரணாலயம் என்பது அனுமதியின்றி நுழையக்கூடாத இடம் என்ற அடிப்படையில் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. கவுன்டிப் பூங்காவோ மக்கள் வர வேண்டும் என்பதற்காகவே திறக்கப்பட்ட இடம். எங்கள் பயிற்சியும் ஆள்பலமும் முதல் வகைக்கானவை. காளிகேசம் போன்ற இடங்களில் கூட்டம் வரும் நாள்களில் ஒரு வனக்காப்பாளரை அங்கே நிறுத்தினால், அவருடைய பீட் அன்று வெறுமையாகிவிடும். ஆகவே இருக்கிற பணியாளர்களிடமே இதையும் சேர்த்துச் செய்யச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

பதில்: தக்கலைக்காரன், சான் ஹோசே

வனவர் ஐயாவின் பதிவை மதிப்போடு படித்தேன். தக்கலை அருகே பிறந்த நான் இப்போது கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா கவுன்டியில் வசிக்கிறேன். வார இறுதிகளில் கவுன்டிப் பூங்காக்களின் பாதைகளில் நடப்பவன் என்ற முறையில் ஆசிரியையின் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

கவுன்டியே பூங்கா அமைப்பை நடத்துவது இங்கே பழைய வழக்கம். அமெரிக்காவின் முதல் கவுன்டிப் பூங்கா அமைப்பு நியூ ஜெர்சியின் எசெக்ஸ் கவுன்டியில் 1895ஆம் ஆண்டில் தொடங்கியது; நாட்டின் தேசியப் பூங்காக்களுக்கான தனித்துறை 1916இல்தான் வந்தது. எங்கள் கவுன்டியில் 28 பூங்காக்கள் இருக்கின்றன. அவற்றின் மொத்தப் பரப்பு 52,000 ஏக்கருக்கு மேல். ரெட்வுட் மரங்கள் நிற்கும் மலையும், கைவிடப்பட்ட பாதரசச் சுரங்கமும், நீர்த்தேக்கங்களும் அவற்றில் அடக்கம்.

ரேஞ்சரின் நாள் காலையில் வாயிற்கதவைத் திறப்பதில் தொடங்கும். பிறகு பாதைகளைச் சுற்றி வருவார். முறிந்து விழுந்த மரத்தைக் குறித்துக்கொள்வார். வெயிலில் மயங்கியவருக்கும் கால் பிசகியவருக்கும் முதலுதவி செய்வார். பொழுது சாய்ந்தும் திரும்பாத நடைப்பயணியைத் தேடிப் போவார். முகாமிடும் இடங்களில் நெருப்பு முறையாக அணைக்கப்பட்டதா என்று பார்ப்பார். விதியை மீறுபவருக்கு அபராதச் சீட்டு எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் நான் பார்த்தவரை முதலில் பேசிப் புரியவைக்கத்தான் முயல்வார். பாதரசச் சுரங்கத்தின் எச்சம் கலந்த சில நீர்த்தேக்கங்களில் பிடிக்கும் மீனை உண்ணக்கூடாது என்று அறிவிப்புப் பலகை உண்டு. தூண்டில் போடுபவர்களிடம் அதை நேரில் எடுத்துச் சொல்லும் பொறுப்பும் அவருடையது.

ஆசிரியை கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இந்த அமைப்பில் ரேஞ்சர், பராமரிப்புப் பணியாளர், பள்ளிப் பிள்ளைகளுக்கும் பார்வையாளர்களுக்கும் இயற்கையையும் வரலாற்றையும் விளக்குபவர் என்று மூன்று தனிப் பணிகள் உள்ளன. தேரூரில் இல்லை என்று நீங்கள் வருந்துவது பெரும்பாலும் மூன்றாமவரைப் பற்றியது. அவருக்குச் சீருடை அதிகாரத்தைவிடப் பறவையறிவும் பேச்சுத் திறனுமே முக்கியம்.

அடுத்தது, நிலம் யாருடையது என்ற கேள்வி. ஆன்டர்சன், கலேரோ போன்ற நீர்த்தேக்கங்கள் கவுன்டிப் பூங்காத் துறைக்குச் சொந்தமானவை இல்லை. அணையும் நீரும் வேறொரு நீர் மேலாண்மை அமைப்பின் கையில் இருக்க, மக்கள் வந்து செல்வதையும் படகு விடுவதையும் மட்டும் ஒப்பந்தத்தின்படி பூங்காத் துறை கவனிக்கிறது. ஆன்டர்சன் அணையை நிலநடுக்கத்துக்குத் தாங்கும்படி வலுப்படுத்துவதற்காக 2020இல் நீரை இறக்கும்படி உத்தரவு வந்தபோது, அதைச் செயல்படுத்தியது நீர் அமைப்பு; பார்வையாளர்களைத் தடுத்து விளக்கம் சொன்னது பூங்காத் துறை. குளம் நீர்வளத்துறையிடமே இருந்தாலும், கரையில் நிற்கும் மனிதர்களைக் கவனிக்க வேறொரு ஏற்பாடு இருக்க முடியும் என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டில் இந்தக் கவுன்டியின் வாக்காளர்கள், சொத்து வரி வருவாயில் ஒரு பங்கைப் பூங்காக்களுக்கென்றே ஒதுக்கி வைக்க வாக்களித்தார்கள். பின்னர் பலமுறை அதை நீட்டித்தார்கள். வேறு செலவுக்கு எடுக்க முடியாத அந்த ஒதுக்கீடு இருப்பதால்தான் மற்ற அனைத்தும் நடக்கின்றன. அது இல்லாமல் சீருடையை மட்டும் கொண்டுவருவதால் பயன் இராது.

பதில்: பறக்கை உழவன்

எல்லோருடைய நல்லெண்ணத்தையும் மதிக்கிறேன். ஆனால் குளத்தைப் பூங்கா என்று சொல்லத் தொடங்கும்போதே எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கவலை வருகிறது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

தேரூர், சுசீந்திரம், பறக்கைக் குளங்கள் நெல்லுக்காக வெட்டப்பட்டவை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைத் திறந்தால் கால்வாய் வழியாகவும் பழையாறு வழியாகவும் வரும் நீர் இத்தகைய குளங்களில் தேங்கித்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெற்போகங்களும் விளைகின்றன. பறவைகள் பெருவாரியாக வருவது கும்பப்பூப் பருவத்தில். வயலில் நீர் நிற்கும் அந்த மாதங்களில் நத்தையும் தவளையும் மீன்குஞ்சும் பெருகுவதால்தான் நாரை இங்கே தங்குகிறது. வயல்கள் மனையாகிப் போனால், குளத்தில் எவ்வளவு நீரை நிறுத்தினாலும் நத்தை குத்தி நாரைக்கு இரை இராது. ஆகவே பறவையைக் காக்க வேண்டுமென்றால் நெல் விளைவதையும் காக்க வேண்டும் என்பதே என் முதல் வாதம்.

குளத்தில் தாமரை வளர்க்கவும் மீன் பிடிக்கவும் குத்தகை விடப்படுவது எல்லோருக்கும் தெரியும். தாமரைப் பூ தோவாளைச் சந்தைக்குப் போகிறது. அதை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. குளம் முழுவதையும் தாமரை இலை மூடிவிட்டால் நீந்தியும் முக்குளித்தும் இரை தேடும் பறவைக்கு இடமில்லை என்பதும், பூவுக்கு அடிக்கும் மருந்து நீரில் கலக்கிறது என்பதும் உண்மைதான். இதற்குத் தடை போடுவதைவிட, எந்தப் பகுதியில் வளர்க்கலாம், எந்தப் பகுதியைத் திறந்த நீராக விட வேண்டும், எந்த மருந்தை அடிக்கக்கூடாது என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதினால் இரு தரப்புக்கும் நன்மை. அதை நாள்தோறும் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தால் நான் மனதார வரவேற்பேன்.

ஆனால் அந்த ஒருவர் மடை எப்போது திறக்கும், கோடையில் எப்போது தூர்வாருவார்கள், அறுவடைக் காலத்தில் கரை வழியாக எத்தனை வண்டி போகும் என்பதையெல்லாம் அறிந்த உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்து, கரையில் மாடு மேய்க்கக்கூடாது, கதிர் காயப்போடக்கூடாது என்று தடை சொல்பவராக இருந்தால், முதல் மாதத்திலேயே ஊரோடு பகை வந்துவிடும். அவருக்கு ஊர் ஒத்துழைக்காவிட்டால் பறவைக்கும் பாதுகாப்பு இல்லை.

பதில்: தக்கலைக்காரன், சான் ஹோசே

உழவர் ஐயா சொல்வதோடு முழுமையாக உடன்படுகிறேன். எங்கள் கவுன்டியின் மிகப் பெரிய பூங்காவான ஜோசப் கிரான்ட் பூங்காவில் இன்றும் மாடுகள் மேய்கின்றன. காய்ந்த புல் உயரமாக நின்றால் தீ எளிதில் பரவும் என்பதால் மேய்ச்சலை நிர்வாகமே ஒப்பந்தம் போட்டு அனுமதிக்கிறது. பூங்கா என்றாலே உழவும் மேய்ச்சலும் விலக வேண்டும் என்பது கட்டாயமில்லை.

பதில்: நாகர்கோவில் வழக்கறிஞர்

மூன்றாவது கேள்விக்கான விடை ஓரளவு ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 36ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அரசுக்குச் சொந்தமான நிலத்தை, அங்கு வாழும் மக்களோடு கலந்து பேசிய பிறகு, பாதுகாப்புக் காப்பகமாக மாநில அரசு அறிவிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. நாட்டிலேயே முதன்முதலாக அவ்வாறு அறிவிக்கப்பட்டது பக்கத்து நெல்லை மாவட்டத்தின் திருப்புடைமருதூர், ஆண்டு 2005. கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊரே காத்துவந்த இடம் அது. நம் சுசீந்திரம், தேரூர், மணக்குடி ஈரநிலங்களும் 2015ஆம் ஆண்டில் இதே பிரிவின்கீழ் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. ராம்சர் அங்கீகாரம் அதற்குப் பிறகு வந்தது.

இங்கே பலரும் கவனிக்காத பிரிவு 36பி. ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஒரு மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வனத்துறைப் பிரதிநிதி அதன் உறுப்பினர் செயலர். காப்பகம் அமைந்துள்ள ஒவ்வொரு கிராம ஊராட்சியிலிருந்தும் ஒருவர், வன உயிரினப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள தன்னார்வ அமைப்புகளிலிருந்து மூவர், வேளாண்மைத் துறையிலிருந்தும் கால்நடைத் துறையிலிருந்தும் ஒவ்வொருவர் அதில் இடம்பெற வேண்டும். உழவர் சொல்லும் கவலைகளை எல்லாத் தரப்பும் உட்கார்ந்து பேசுவதற்கான மேசை இதுவேதான். சட்டம் அதை முன்பே போட்டு வைத்திருக்கிறது. ஆனால் இரண்டு குறைகளை நான் காண்கிறேன். தேரூரும் சுசீந்திரமும் பேரூராட்சிகள். சட்டத்தின் வாசகமோ கிராம ஊராட்சியைத்தான் குறிப்பிடுகிறது. குளத்து நீரைக் கையாளும் நீர்வளத்துறைக்கும் பட்டியலில் இடமில்லை. இவ்விரு தரப்பையும் சிறப்பு அழைப்பாளர்களாகவாவது சேர்க்க வேண்டும் என்று மாவட்ட வன அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு எழுதுவதே முதல் படியாக இருக்க வேண்டும்.

மனுவில் கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேளுங்கள். மேலாண்மைக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதன் தீர்மானங்கள் யாவை என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் முதலில் பெறுங்கள். அதன் பிறகு, அக்டோபர் முதல் மார்ச் வரையிலான பருவத்துக்கு மட்டும் உள்ளூர் இளைஞர்கள் சிலரைப் பறவை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து ஊதியத்தோடு அமர்த்த வேண்டும் என்ற ஒரே கோரிக்கையை வையுங்கள். மாவட்டம் முழுவதற்குமான பூங்கா அமைப்பு என்று தொடங்கினால், தொல்லியல் துறையிலிருந்து கேரள அரசு வரை அத்தனை பேருடைய ஒப்புதலும் தேவைப்பட்டு, கோப்பு நகராது. தேரூரில் ஒரு பருவம் நன்றாக நடந்தால், அதைக் காட்டி மணக்குடிக் கழிமுகத்துக்கும் புத்தளம் உப்பளப் பகுதிக்கும் கேட்பது எளிது.

கேள்வி கேட்டவர்: தேரூர் ஆசிரியை

ஒவ்வொருவருக்கும் என் நன்றி. வனக்காப்பாளரின் பீட்டை வெறுமையாக்காமல், உழவரின் வாழ்வைத் தொடாமல், ஒரு பருவத்துக்கான வழிகாட்டிகளைக் கேட்பது என்று என் எண்ணத்தைத் திருத்திக்கொள்கிறேன். மனுவின் வரைவை எழுதி இங்கேயே பதிவிடுகிறேன். குத்தகைப் பத்திரத்தில் சேர்க்க வேண்டிய நிபந்தனைகளைப் பறக்கை ஐயா எழுதித் தந்தால் அதையும் இணைப்பேன். வழிகாட்டிகளுக்கான பயிற்சியை யாரிடம் கேட்பது என்பது மட்டும் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற வனவர், குலசேகரம்

குளிர்காலத்தில் வனத்துறை நடத்தும் நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். கணக்கெடுப்புக்கு முன்பு, பறவையை இனங்காணவும் கூட்டத்தை எண்ணவும் சொல்லிக்கொடுப்பார்கள். நீங்கள் மனதில் வைத்திருக்கும் இளைஞர்களை முதலில் அதில் சேர்த்துவிடுங்கள் அம்மா. அவர்களுள் யாருக்குப் பொறுமை இருக்கிறது என்பது ஒரு காலைப் பொழுதிலேயே தெரிந்துவிடும். சேற்றில் நடக்கப் பழைய செருப்பும், ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டும் போதும். தொலைநோக்கி என்னிடம் ஒன்று இருக்கிறது, தருகிறேன்.